தேரியில் முளைத்த தலை

என் வீட்டுக்காரருக்குத் தம் தலைமுடிமீது இருந்த பற்று, என்மீது இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல். குளித்துவிட்டு வந்து அதை உலர்த்தி, எண்ணெய் தடவி, சீவி முடிப்பதற்குள் நான் உலை வைத்து, சோறு வடித்து, அதை ஆறவும் வைத்துவிடுவேன். அப்படிப்பட்டவர், மேட்டு நிலத்தில் வெட்டிய கிணறு பாறையோடு நின்றுபோன அன்று, மனசு நொந்துபோய், "செந்தூர் முருகா, தண்ணிய மட்டும் காட்டு. தலமுடி மொத்தம் உனக்குத்தான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மனசுக்குள் சொல்லியிருந்தால் பிரச்சினை இல்லை. பக்கத்தில் அவருடைய அக்கா நின்றிருந்தாள்.

இது யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்னால். நான் பூந்தமல்லியில் பிறந்து அங்கேயே ஐந்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி நெமிலிச்சேரிக்கு வந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய அக்காவை, அதாவது என் நாத்தனாரை, நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அதே ஊரில் பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷன் அதிகம் பேசாதவர். பேசுவதற்கு அவருக்கு வாய்ப்புக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பாறையில் இன்னொரு முழம் உடைத்ததும் பீறிக்கொண்டு வந்தது. ஊரே வந்து பார்த்தது. அவர் மட்டும் தலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

"முருகன் எல்லா ஊர்லயும் ஒருத்தர்தானேக்கா? திருத்தணி இதோ கீது. காலைல போயி சாயந்தரம் வந்துடலாம். அங்க குடுத்தா ஆவாதா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"செந்தூர் சாமியாண்ட சொல்லிட்டு தணிகைல போயி குடுப்பியா? அவரு கோச்சிக்கினு ரயிலேறி நம்ம ஊட்டுக்கே வந்துட்டா இன்னா பண்ணுவே?" என்றாள் அண்ணி.

முருகன் மயிலை விட்டுவிட்டு எதற்கு ரயிலேற வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அண்ணியிடம் அப்படியெல்லாம் கேட்க முடியாது. வைகாசி விசாகத்துக் கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். அண்ணியின் புருஷன், மாடுகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பின்தங்கிவிட்டார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மாட்டு வண்டியில் ஆவடிக்குப் போய், அங்கிருந்து ரயிலில் சென்ட்ரல், ஜட்கா பிடித்து எழும்பூர், எழும்பூரிலிருந்து மறுபடி ரயில். மரப் பலகையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. திருநெல்வேலியில் இறங்கும்போது கேள்விக்குறி மாதிரி வளைந்து இறங்கினார். அங்கிருந்து சின்ன ரயில். இரண்டு பக்கமும் வாழை, அப்புறம் பனை, அதற்கப்புறமும் பனை. "இன்னாடா இது, ஊரு பூரா பனைமரத்துக்கே பட்டா போட்டு குடுத்துட்டானுங்களா?" என்று அண்ணி ஜன்னலோடு பேசிக்கொண்டு வந்தாள்.

செந்தூரில் கடல் கோயில் மதிலை வந்து தொடுகிறது. நான் அதுவரை கடல் பார்த்ததில்லை. விடிந்தும் விடியாததுமாக இருந்தது. நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர் உருண்டு உருண்டு வந்து, படிக்கட்டுக்குக் கிட்டே வெள்ளையாக உடைந்து, ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போயிற்று. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். வாய்க்குள் உப்புக்காற்று போனது. அவர் என் தோளைத் தட்டி, "இதுக்கேவா? நான் மெட்ராஸ் கடலையே பாத்தவன் மே. இது அதோட கடைசித் தம்பி" என்றார்.

முடி இறங்கியது. நாவிதர் கையில் அது கற்றையாக விழுந்தபோது அவர் கண்களை இறுக்க மூடிக்கொண்டார். மொட்டைத் தலையில் சந்தனத்தைக் குழைத்துப் பூசினேன். முடியில்லாத அவர் தலை எவ்வளவு பெரியது, எவ்வளவு உருண்டை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணி ஒரு தரம் பார்த்தாள், இன்னொரு தரம் பார்த்தாள். "பூசணிக்கா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கோபத்தோடு அவர் கடலில் இறங்கினார். மெட்ராஸ் கடலைப் பார்த்தவர் என்பதால் கரைக்குக் கிட்டே குளிப்பது அவருக்குக் கௌரவக் குறைவாக இருந்தது. இடுப்பளவு ஆழத்துக்குப் போய், எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவருக்குப் பின்னால் ஒரு அலை எழுந்தது. நாங்கள் கத்தினோம். நாங்கள் உற்சாகத்தில் கத்துவதாக நினைத்து இன்னும் வேகமாக ஆட்டினார். அலை அவரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. எழுந்து நின்றவர் உடனே கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்.

வெகுநேரம் ஆகியும் எழுந்து வரவில்லை. கண்ணை மூடி, கையைக் கூப்பி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குளித்தவர்கள், ஏதோ பெரிய ஜபம் போலிருக்கிறது என்று மரியாதையாக விலகிப் போனார்கள். என் வீட்டுக்காரருக்கு இவ்வளவு பக்தியா என்று நானே கொஞ்சம் கலங்கிப்போனேன். அப்போது, சற்றுத் தள்ளி, அவருடைய வேட்டி தனியாக இலங்கைப் பக்கம் போய்க்கொண்டிருந்ததை அண்ணி பார்த்துவிட்டாள்.

மாற்றுத் துணி மூட்டை சத்திரத்தில் இருந்தது. கையில் இருந்தது அண்ணியின் மாற்றுப் புடவை, அரக்கு நிறச் சுங்குடி, ஒன்றுதான். அதைச் சுற்றிக்கொண்டு, சந்தனமெல்லாம் கரைந்த மொட்டைத் தலையோடு அவர் கரையேறி சத்திரம்வரை நடந்தார். வழியில் எதிர்ப்பட்ட ஒரு கிழவர் கும்பிட்டார். யார் என்று நினைத்துக் கும்பிட்டாரோ தெரியாது.

சாயந்தரம், புதுச் சந்தனமும் புது வேட்டியுமாக அவரைத் தேற்றி, கடற்கரையோடு வடக்கே நடக்க அழைத்துப் போனோம். கட்டுமரங்கள் மணலில் ஏறிக் கிடந்தன. வெயில் சாய்ந்து தண்ணீரெல்லாம் செம்பு நிறமாகியிருந்தது. கோயில் வேலையெல்லாம் முடிந்துவிட்டது, இனிமேல் தோஷமில்லை என்று அண்ணி தனக்குத் தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு, வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், "அண்ணாத்தே, கருவாடு கீதா?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். "கீதா கருவாடா? அப்படி ஒரு மீனு இந்தக் கடல்ல கெடையாது தாயி. சாளை உண்டு, நெத்திலி உண்டு, வாளை உண்டு."

"அதான், அது கீதா?"

"அதான் இல்லைன்னு சொல்லுதேனே தாயி."

இப்படியே கொஞ்ச நேரம் நடந்தது. கடைசியில் அண்ணி கருவாடு வாங்காமலே திரும்பினாள். பத்தடி நடந்தபின், "ஊரு நெறைய கருவாட்டு வாசன. ஆனா இல்லன்னு சாதிக்கிறான் பாரு" என்றாள்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். சத்திரத்துக்காரர்தான் ஆரம்பித்தார். "இவ்வளவு தூரம் வந்திட்டு தேரியப் பாக்காமலா போறிய?"

என் வீட்டுக்காரர் காதில் அது தேர் என்று விழுந்தது. செந்தூர்த் தேர் என்றால் எவ்வளவு பெரியதாக இருக்கும், திருவள்ளூர்த் தேரைவிடப் பெரியதா என்பதை நேரில் பார்த்து ஊரில் போய்ச் சொல்லியாக வேண்டும் என்று பிடிவாதமாக ஒரு மாட்டு வண்டியைப் பேசினார். இருள் பிரியும்போதே கிளம்பினோம். பனங்காட்டுக்குள் வண்டி நெடுநேரம் போனது. பிறகு மண்ணின் நிறம் மாற ஆரம்பித்தது. மஞ்சள், காவி, அப்புறம் அரைத்த மிளகாய் மாதிரி சிவப்பு. வண்டி நின்றது. முன்னால் ஒன்றுமே இல்லை. சிவப்பு மணல் மேடு மேடாக வானம்வரை போயிற்று. மேடுகளின் மேல் காற்று, சீப்பால் வாரியதுபோலக் கோடு கோடாக இழுத்திருந்தது. அங்கங்கே ஒரு பனை, இடுப்புவரை மணலில் புதைந்து நின்றது.

"தேரு எங்கப்பா?" என்றார் இவர்.

"இதாம்யா தேரி" என்றார் வண்டிக்காரர்.

"இத்த யாரு இஸ்துகினு போவாங்க?"

வண்டிக்காரர் சிரிக்காமல் மாடுகளை அவிழ்த்துவிட்டார். நல்ல மனிதர். இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்துவிட்டு, "வெயில் ஏறுமுன்ன இந்த மண்ணுல கழுத்து வரைக்கும் பொதைஞ்சி கெடந்தா இடுப்புவலி பறந்திரும்யா. எங்க ஊர்ல எல்லாரும் செய்யுததுதான்" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி குழி தோண்ட ஆரம்பித்துவிட்டாள். தம்பியைப் புதைப்பதில் அவளுக்கு அவ்வளவு ஆர்வம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பனையின் நிழலில், கைகளையும் உள்ளே வைத்து, அவரைக் கழுத்துவரை மூடி, சுற்றிலும் தட்டித் தட்டி இறுக்கினோம். மண் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. "அப்பாடா" என்றார். அடுத்த மூச்சில் தூங்கிவிட்டார். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சுனை இருக்கிறது, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வரலாம் என்று வண்டிக்காரர் சொல்ல, நாங்களும் குடம் எடுத்துக்கொண்டு கூடவே போனோம்.

பாலைவனத்துக்கு நடுவே அப்படி ஒரு சுனையை யாரும் நம்பமாட்டார்கள். நாலு பக்கமும் நாணலும் தாழையும், நடுவில் கண்ணாடி மாதிரி தண்ணீர். அண்ணி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "நம்ம கெணத்துத் தண்ணி இத்த விட நல்லாக்கீது" என்றாள். ஆனால் மேலும் மூன்று கை குடித்தாள்.

நாங்கள் தண்ணீரோடு மேட்டின் உச்சிக்குத் திரும்பி வந்தபோது கண்ட காட்சியை, இத்தனை வருஷம் ஆகியும், சிரிக்காமல் என்னால் சொல்ல முடியாது.

காற்று எழும்பியிருந்தது. நாங்கள் தட்டி வைத்த அடையாளமெல்லாம் மறைந்து, மணல் மட்டமாகிவிட்டது. அதன் நடுவில் ஒரு தலை. சந்தனத்தின்மேல் செம்மண் படிந்து, அபிஷேகம் முடிந்து குங்குமம் சாத்தியதுபோல் ஜொலித்தது. கண்கள் மூடியிருந்தன. முகத்தில் அப்படியொரு சாந்தம். தூங்கும்போது மட்டும் அவருக்கு வரும் சாந்தம் அது. அதற்கு முன்னால், தலையில் பானை சுமந்துபோன பெண்கள் சிலர் கீழே மண்டியிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வயதான ஒருத்தி, "ஏ அய்யா, மண்ணுக்குள்ள இருந்து வந்துட்டியா சாமி" என்று அழுதபடியே பானையைச் சரித்து அவர் தலையில் பதனீரை ஊற்றினாள்.

பதனீர் நெற்றியில் இறங்கி, மூக்கில் வழிந்து, வாய்க்கு வந்தது. அவருக்கு நல்ல தாகம் இருந்திருக்க வேண்டும். கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தார். அந்தப் பெண்கள் மூச்சு விடவில்லை. குடித்தார். நாக்கைச் சுழற்றி உதட்டைத் துடைத்தார். பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்து, அந்த அம்மாளைப் பார்த்து, "இன்னும் கீதா?" என்றார்.

பானைகள் நாலாபக்கமும் உருண்டன. பெண்கள் இருந்த இடம் தெரியவில்லை. அண்ணி கையைத் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கினாள். பாதி தூரத்தில் சிரிப்பில் கால் இடறி, மீதித் தூரம் உருண்டாள். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்.

"சிரிக்காதீங்க, சீக்கிரம் தோண்டுங்க! எறும்பு, எறும்பு!" என்று தலை கத்தியது.

பதனீரின் தித்திப்புக்குக் கட்டெறும்புகள் வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. தோண்டி எடுத்து, குடத்தில் சிந்தாமல் மிஞ்சியிருந்த தண்ணீரைத் தலையில் கவிழ்த்தோம். அதற்குள் காது இரண்டும் பணியாரம்போல வீங்கிவிட்டன. ஊர் போய்ச் சேரும்வரை, "இன்னா நடந்துச்சுன்னு ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது. ஊர்ல நான் சொல்லுவேன். நீங்க ஆமான்னு தலையாட்டினா போதும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நெமிலிச்சேரியில் அந்தக் காலத்தில் யாராவது காஞ்சிபுரம் போய் வந்தாலே மூன்று நாள் விசாரிப்பார்கள். நாங்கள் கடலையும் பாலைவனத்தையும் ஒரே பயணத்தில் பார்த்து வந்தவர்கள். சாயந்தரமே களத்துமேட்டில் கூட்டம் கூடிவிட்டது. முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் ஜட்கா ஓட்டுபவர். அதற்கு அப்பால் குதிரையும் போனதில்லை, அவரும் போனதில்லை.

வீட்டுக்காரர் கடலில் ஆரம்பித்தார். பனைமர உயரத்து அலை, அதற்கு நடுவில் இவர் ஜபம். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பாலைவனத்துக்கு வந்தார். சிவப்பு மணல், மேடு, சுனை. அதுவரை எல்லாம் நிஜம். அப்போது ஜட்காக்காரர் கேட்டார்: "அண்ணாத்தே, பாலைவனம்ன்றியே, ஒட்டகம் கீதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கூட்டம் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ரெண்டு" என்றார்.

அன்றைக்கு இரண்டாக இருந்த ஒட்டகம் ஆடி பிறப்பதற்குள் ஒரு மந்தையாகிவிட்டது. இவர் அதில் ஒன்றின்மேல் ஏறினார். பிறகு அது இவரைக் கீழே தள்ளியது. இடுப்புவலிக்கு அதுதான் காரணம். ஆவணியில், பாலைவனத்து ஜனங்கள் இவரை நடுவில் உட்கார வைத்துப் பதனீரால் கால் கழுவினார்கள்.

களத்துமேட்டில் இது நடக்க, கிணற்றடியில் அண்ணி வேறொரு யாத்திரை நடத்திக்கொண்டிருந்தாள். அவள் கதையில் பாலைவனம் கிடையாது. தம்பிக்குக் கொடுத்த வாக்கை அந்த மட்டுக்கும் காப்பாற்றினாள். ஆனால் வேட்டி போனதைப் பற்றித் தான் எந்தச் சத்தியமும் செய்யவில்லை என்பது அவள் கட்சி. புடவை சுற்றி வந்த கோலத்தைச் சொம்பையும் குடத்தையும் வைத்துக்கொண்டு நடித்தே காட்டினாள். ஜட்காக்காரரின் மனைவி குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் கேட்டாள்.

இரண்டு கதைகளும் எதிர்வீட்டில் சந்தித்துக்கொண்டன. ஜபம் என்றார் புருஷன். வேட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தார் என்றாள் மனைவி. பேச்சு முற்றி, கடைசியில் இரண்டு பேரும் சண்டை போட்டபடியே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"நீ படிச்ச பொண்ணு. பொய் சொல்லமாட்டே. உள்ளத உள்ளபடி சொல்லு மே" என்றாள் அவள்.

நானும் எத்தனை நாள்தான் அடக்கிக்கொண்டிருப்பது? வேட்டி, தேர், குழி, சுனை, தலை, பதனீர், "இன்னும் கீதா" என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணாத்தயாவது ஒட்டகத்தோட நிறுத்தினாரு" என்றார் ஜட்காக்காரர் வருத்தமாக. "நீ இந்த வயசுல இம்மாம் பெருசா புளுவறியேம்மா. சாமி கண்ணக் குத்தும்."

"நம்ம கிட்டயே டபாய்க்கிறா பாரு. வாய்யா போலாம்" என்று அவர் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர்களுக்குள் சமாதானம் ஏற்பட்டது மட்டும்தான் நான் சொன்ன உண்மையால் விளைந்த நன்மை. அதற்குப் பிறகு நான் வெயில் அடிக்கிறது என்று சொன்னால்கூட அவள் வெளியே வந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

இப்படி இரண்டு மூன்று வருஷம் ஓடியது. ஒரு நாள் காலையில் கருப்பட்டி விற்கிற ஒருவர் தெருவில் வந்தார். ஓலைப் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, "அம்மா தாயி, நல்ல உடன்குடிக் கருப்பட்டி" என்று கூப்பிட்டதுமே எங்கள் மூன்று பேருக்கும் அந்தப் பேச்சு எந்தப் பக்கத்துப் பேச்சு என்று தெரிந்துவிட்டது. அண்ணி அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஜட்காக்காரரும் குதிரைக்குக் கொள்ளு வைத்துவிட்டு வந்து நின்றார். கருப்பட்டிக்காரர் ஒரு வட்டை உடைத்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்.

"இது சாதாரணக் கருப்பட்டி இல்ல பாத்துக்கிடுங்க. தேரிச் சாமிக்கு அபிசேகம் பண்ணின பானையில காச்சினது" என்றார்.

"எந்தச் சாமி?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எங்க தெரியப் போவுது தாயி. கொஞ்ச வருசத்துக்கு முன்ன, தேரிக்காட்டுல ஒருநாள் காலையில மண்ணுக்குள்ள இருந்து ஒரு தலை எழும்பிச்சி. செக்கச் செவேல்னு. எங்க பெரியாத்தாதான் மொதல்ல கண்டது. கையில இருந்த பதனியை ஊத்தியிருக்கா. சாமி வாயத் தொறந்து குடிச்சிருக்கு! குடிச்சிட்டு, கண்ணத் தொறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிச்சாம்."

"இன்னா வார்த்த?" என்றார் ஜட்காக்காரர்.

"'கீதா'ன்னு சொல்லிச்சாம். எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. அப்புறம் ஊர்ப் பெரியவங்க கூடி யோசிச்சு, பகவத்கீதை வாசிங்கன்னு சாமி உத்தரவு போட்டிருக்குன்னு கண்டுபிடிச்சாவ. இப்ப அங்கன ஒரு கல்லு நட்டு, வைகாசி பொறந்தா பதனி அபிசேகம், கீதை வாசிப்பு, பாயாசம்."

என் வீட்டுக்காரர் வாயில் போட்ட கருப்பட்டி அப்படியே நின்றது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அதோட போச்சா?" என்று தொடர்ந்தார் கருப்பட்டிக்காரர். "அந்நேரம் மேட்டு மேல இருந்து ரெண்டு அம்மமாரு சிரிச்சிக்கிட்டே எறங்கி வந்திருக்காவ. வள்ளியும் தெய்வானையும். சாமியோட ரெண்டு சம்சாரமும்."

அண்ணிக்குப் புரை ஏறிவிட்டது. தலையில் தட்டினேன். முதுகில் தட்டினேன். அவள் தம்பியைப் பார்த்த பார்வையில், அந்தக் கல்லை நட்டவனும் கீதை வாசித்தவனும் அவன்தான் என்பதுபோல ஒரு கோபம் இருந்தது.

ஜட்காக்காரருக்கோ உற்சாகம் தாங்கவில்லை. "யோவ், இவுரு கூட உங்க தேரிக்குப் போயிக்கினு வந்தவருதான்! ஒட்டகம்லாம் ஏறியிருக்காரு! சொல்லு அண்ணாத்தே, நீ போனப்போ அந்தச் சாமிய பாத்தியா?"

கருப்பட்டிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பினார். "அப்படியாய்யா? பாத்தியளா? எங்க வீட்டுக்காரிக்கு ரெண்டு கண்ணும் மங்கிப் போயி, அடுப்புக் கூட்ட முடியாமக் கெடந்தா. அந்தக் கல்லுக்கு முன்னால நாப்பது நாளு வெளக்குப் போட்டா. இப்ப ஊசியில நூலு கோக்குதா." சொல்லிவிட்டுத் தெற்கே திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தெருவே காத்துக்கொண்டிருந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் இவர் பிறந்தார் என்று சொல்லலாம். நானே நினைத்தேன், இப்போது சொல்லப்போகிறார், அந்தத் தலையே நான்தான் என்று இந்தத் தெருவில் நின்று அறிவிக்கப்போகிறார் என்று.

அவர் மெல்லக் கருப்பட்டியை விழுங்கினார். "இல்லீங்க. நாங்க தேரி பக்கம் போவல. கோயில பாத்துட்டு அப்பிடியே திரும்பிட்டோம்" என்றார்.

ஜட்காக்காரர் திகைத்தார். "அப்போ ஒட்டகம்?"

"அது மெட்ராஸ்ல பாத்தது. சர்க்கஸ்ல."

"இன்னா அண்ணாத்தே இது! அக்கா, நீயே சொல்லு, போனீங்களா இல்லியா?"

தம்பி சொன்னதற்கு ஒருநாளும் ஆமாம் போடாத அண்ணி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் எங்கயும் போவலப்பா. சத்திரத்துலயே சுருண்டு படுத்துகினு இருந்தான்" என்றாள். பிறகு கருப்பட்டிக்காரரைப் பார்த்து, "ஒரு பெட்டி முழுசா குடுத்துட்டுப் போங்க. உங்க சம்சாரத்த நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். தெரு முனை திரும்பும்வரை நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஜட்காக்காரர் மட்டும் நடுத்தெருவில் நின்று, "மூணு வருசம்! மூணு வருசமா எங்காதுல பூ சுத்தியிருக்கியே!" என்று கத்திவிட்டுப் போனார். அதன் பிறகு கொஞ்ச காலம் இவரைத் தம் வண்டியில் ஏற்றவில்லை.

உள்ளே வந்ததும்தான் சிரிப்பு வந்தது. மூச்சு முட்டும்வரை சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு அவர் சுவரில் சாய்ந்துகொண்டு கவலையாகக் கேட்டார்: "ஏன் மே, எனக்கே இடுப்பு வலி இன்னும் உடல. அந்தம்மாவுக்கு மாத்திரம் எப்பிடி கண்ணு வந்துச்சு?"

"கல்லு வேற, நீ வேறடா. கல்லு வாயத் தொறக்காது. அதுக்கு சக்தி கீது" என்றாள் அண்ணி.

அப்புறம் யுத்தம் வந்தது. ஆவடிப் பக்கமும் பட்டாபிராம் பக்கமும் ராணுவ லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடின. எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்தார்கள், புதுத் தண்டவாளம் போட்டார்கள், ரயிலில் நிற்க இடமில்லை. எந்த ஊருக்கும் போகாமலே ஊர்க்கதைகள் எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தன. ஜட்காக்காரருக்குச் சிப்பாய்களை ஏற்றி இறக்குகிற சவாரி பெருகியது, கோபமும் தணிந்தது. என் வீட்டுக்காரருக்குத் தலைமுடி மறுபடி அடர்த்தியாக வளர்ந்திருந்தது. ஒரு மத்தியானம் வயலிலிருந்து அதைக் கோதிக்கொண்டே ஓடி வந்தார். ஏரிக்கு மேலே ஓர் ஆகாய விமானம் மிகத் தாழ்வாகப் பறந்ததாகவும், அதை ஓட்டிய வெள்ளைக்காரன் இவரைப் பார்த்துக் கையை ஆட்டியதாகவும், மூச்சு வாங்கச் சொன்னார்.

அண்ணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"டேய், அது கழுகுடா."

"கழுகு எங்கனா கர்ர்ருனு சத்தம் போடுமாக்கா?"

"உன்னப் பாத்தா போடும்" என்றாள்.

அதற்குள் ஜட்காக்காரர் எதிர்வீட்டிலிருந்து தலையை நீட்டி, "எவ்ளோ தாழ்வா அண்ணாத்தே?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டார்.